டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளை

(மஞ்சூர் பங்குத்தந்தை காலை நேர வானொலியில் ஆற்றிய உரை. கேட்கத் தவறியவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் எல்லாம் கலைந்துவிட்டார்கள். கோவில் முற்றத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்துக்கு நம் வழிபாட்டில் இடமில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். வண்டி வாங்குகிறவர்களுக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் இன்னும் உடன்பாடு வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன், பத்தொன்பது வயது. "ஃபாதர், வண்டியை மந்திரிக்கணும்" என்றான். அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள். அம்மா மட்டும் மாதா கெபி பக்கத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தேன். பிறகு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்: "தம்பி, உனக்கு வண்டி மேல ஆசை எப்பப்பா வந்துச்சு?"

அவன் யோசிக்கவே இல்லை. "அஞ்சு வயசுல ஃபாதர். மாமா என்னை டேங்க் மேல உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போவாங்க. என் கையை எடுத்து ஆக்சிலேட்டர் மேல வெப்பாங்க. மேலே அவங்க கை இருக்கும். வண்டி உறுமும்போது நான்தான் ஓட்டறேன்னு நெனச்சுக்குவேன்."

அப்போதுதான் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அந்த மாமா அவருடைய கூடப்பிறந்த தம்பி. அதே வண்டியில்தான், பல ஆண்டுகளுக்கு முன்னால், கெத்தைக்கு இறங்கும் சாலையில், மழையும் பனிமூட்டமுமாக இருந்த ஒரு மாலையில் இறந்துபோனார். நான் அப்போது இந்தப் பங்கில் இல்லை. கோவிலின் இறப்புப் பதிவேட்டில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வயது என்று எழுதியிருக்கிறது.

அந்த அம்மா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "இந்த ஆசையை இவனுக்குக் குடுத்துட்டுப் போனதே அவன்தான் சாமி. நான் யாரைத் திட்டறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பிறகு வண்டி ஓட்டுகிற யாரைப் பார்த்தாலும் இதையே கேட்க ஆரம்பித்தேன். உங்களுக்கு வண்டி மேல் ஆசை எப்படி வந்தது? மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கொழுந்து எடை போடுகிறவர், குந்தா பாலத்தில் கடை வைத்திருப்பவர், செவிலியராக வேலை பார்க்கும் ஒரு மகள், எல்லோரையும் கேட்டேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும் என்பதால் ஆசை வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேகம் என்றுகூட யாரும் முதலில் சொல்லவில்லை. எல்லோரும் ஓர் ஆளைச் சொன்னார்கள். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார். யாரோ ஒருவருடைய முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனது. யாரோ ஒருவருடைய கை நம் கைமேல் இருந்தது. செவிலியர் மகள், தான் பிறந்தபோது அம்மாவை நடுராத்திரியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன ராஜ்தூத் பற்றிச் சொன்னாள். அவள் பார்த்திருக்கவே முடியாத வண்டி அது. கேட்டுக் கேட்டே ஆசை வந்திருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. லைன் வீடு. எங்கள் சிற்றாலயத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் பூசை. பங்குச்சாமி யெஸ்டி வண்டியில் வருவார். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்த்துவிடுவோம். எதிர் மலையில் வரும்போதே சத்தம் கேட்கும். பிறகு அடங்கிவிடும். மலை மடிப்புக்குள் நுழைந்திருப்பார். மறுபடி வெளியே வரும், கொஞ்சம் கிட்டத்தில். இந்த மூன்று மடிப்புக்குள் அம்மா முகம் கழுவி, புடவை மாற்றி, எனக்குத் தலை சீவி முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. சாமியாருடைய சைலன்சர்தான் கடிகாரம்.

அந்த யெஸ்டி மைசூரில் செய்த வண்டி. 1961 முதல் 1996 வரை அந்தத் தொழிற்சாலை ஓடியது. முதலில் ஜாவா என்ற பெயரில் வந்து, பிறகு யெஸ்டி ஆனது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டியை உதைத்துக் கிளப்புகிற கம்பியும் கியர் மாற்றுகிற கம்பியும் ஒன்றேதான். மேலே தூக்கி உதைத்தால் வண்டி கிளம்பும். கிளம்பியதும் அதே கம்பியை முன்பக்கம் மடக்கினால் கியர். ஒரே கம்பி, இரண்டு வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அற்புதம் என்ன வேண்டும்? சாமி ஒரு நாள் என்னையே அதை மடக்கச் சொன்னார். பிறகு பூசைப் பையை என் தோளில் மாட்டி, என்னைத் தூக்கி டேங்க் மேல் உட்காரவைத்து, அடுத்த தோட்டத்துப் பூசைக்கு உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குருமடத்தில் முதல் ஆண்டு, உங்களுக்கு இறை அழைத்தல் எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பாட்டியின் செபமாலை, திருவிழா, தியானம் என்று அழகாக எழுதினார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது யெஸ்டிதான். எழுதத் தைரியம் இல்லை. இன்று வானொலியிலேயே சொல்லிவிட்டேன்.

இனி, என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். குருவான பிறகு முதல் பணியிடத்தில் எனக்கு ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி கிடைத்தது. சம்பளம் கொஞ்சம், பெட்ரோல் விலை அதிகம். ஆகவே, இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டே வருவது எனக்கு ஒரு சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஓர் இரவு அப்படி இறங்கும்போது ஐந்தாறு வளைவுக்குப் பிறகு பிரேக் மிதித்தேன், பிடிக்கவில்லை. விடாமல் மிதித்தே வந்ததில் டிரம் பிரேக் சூடேறிவிட்டது. சூடேறினால் உள்ளே இருக்கும் கட்டைக்குப் பிடி போய்விடும். அது எனக்குத் தெரியாது. நேராகத் தேயிலைக்குள் போனேன். செடி என்னைத் தாங்கிக்கொண்டது. கவாத்து வெட்டிய பாத்தியாக இருந்திருந்தால் குச்சிகள் ஈட்டி மாதிரி நின்றிருக்கும், நான் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

காலையில் ஒரு மெக்கானிக் வந்து வண்டியைத் தூக்கினார். "ஏறுறதுக்கு எந்த கியர் போடுவீங்களோ, இறங்கவும் அதே கியர்ல வாங்க ஃபாதர். எஞ்சின் புடிச்சுக்கும். பிரேக்குக்குப் பாதி வேலைதான் இருக்கும்" என்றார். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்தப் பிடிப்பும் குறைவு, அதனால் இன்னும் மெதுவாக வர வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு நிமிடப் பேச்சு. இதை என்னிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. என்னை டேங்க் மேல் உட்காரவைத்த சாமி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். ஆசையைக் கொடுத்தவர், ஓட்டும் வித்தையைக் கொடுக்க என்னோடு இருக்கவில்லை. அது அவர் குற்றம் இல்லை. ஆசை ஒரு சாயங்காலத்தில் கைமாறிவிடுகிறது. வித்தை கைமாற ஆண்டுகள் ஆகும்.

நம் மலையடிவாரத்தில் ஒருவர் இருந்தார். அவருக்கு டேங்க் மேல் உட்காரவைக்க யாருமே இல்லை. ஜி.டி. நாயுடு அவர்களைச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற ஊரில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, சின்ன வகுப்போடு சரி. இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடுகிற ஒன்றைப் பார்த்ததும் அந்த இளைஞருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. இது எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்விதான். கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த வண்டியை வாங்கினார் என்று சொல்வார்கள்.

வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஊரைச் சுற்றவில்லை. வண்டியைக் கழற்றினார். முழுவதும் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். பல ஆண்டு இலை போட்டு, தண்ணீர் ஊற்றி, தட்டு சுமந்து வாங்கிய ஒரு பொருளைக் கழற்றித் தரையில் பரப்ப எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆள்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பிறகு மின் மோட்டார், சவர பிளேடு, தொழிற்பயிற்சி என்று அவர் கை வைக்காத துறை குறைவு. 1974-ல் இறக்கும்வரை எதையாவது கழற்றிக்கொண்டுதான் இருந்தார். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்த ஆசை.

இதை வைத்து, அந்தக் காலத்துப் பிள்ளைகள் உழைத்து வாங்கினார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடனில் வாங்குகிறார்கள் என்று திட்டப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். இன்று முன்பணம் கட்டினால் அன்றைக்கே வண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது, அது உண்மை. ஆனால், நம் ஊர் நிலைமை எனக்குத் தெரியும். கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி வீடு வந்து சேர வழியில்லை. ஊட்டியிலோ குன்னூரிலோ ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வண்டி சொகுசு இல்லை, சோறு. ஓசூரிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து இரண்டு பேர் ஏறிப் போகிற மொபெட் ஏழைக்கும் எட்டியது. அந்தக் குடும்பத்து வண்டிகள் இன்றைக்கும் நம் பாதைகளில் கொழுந்து மூட்டையும் கேரட் மூட்டையும் சுமக்கின்றன. வண்டியைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. திருச்சபையும் பழித்ததில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு 2013-ல் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தார் ஒரு வண்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதன் டேங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறு ஆண்டு பாரீசில் ஏலம் விட்டார்கள். 2,41,500 யூரோவுக்குப் போனது. உரோமை காரித்தாஸ் நடத்தும் வீடற்றோர் விடுதிக்கும் உணவுக்கூடத்துக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது.

பெற்றோரிடம் மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் டேங்க் மேல் உட்கார்ந்த கதையைக் கேட்டுவிட்டு உங்கள் பிள்ளையை அப்படி உட்காரவைக்காதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் தலைக்கவசம் வேண்டும் என்பது சட்டம். பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் கியர் வண்டிச் சாவியைக் கொடுத்து அவன் ஓட்டினால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சிறையைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருக்கிறது, அதை நான் கெபி பக்கத்தில் பார்த்தேன்.

திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் வருகிறார். தேரில் உட்கார்ந்து இறைவாக்கு நூலை வாசித்துக்கொண்டே போகிறார். ஆசையாகத்தான் வாசிக்கிறார். ஆனால் புரியவில்லை. பிலிப்பு ஓடிப் போகிறார். சாலையோரத்தில் நின்று அறிவுரை கத்தவில்லை. தேரில் ஏறி அவர் பக்கத்தில் உட்காருகிறார். எனக்கு இந்த இடம் பல ஆண்டுகளாகத் தெரியும், பல முறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். என் வயதில் இன்னொருவனுடைய வண்டியில் ஏறி உட்காருவது என்றால் என்னவென்று இந்த மாதம்தான் தெரிந்தது.

ஆமாம், அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "என்னைக் கெத்தை வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு முழங்கால் நடுக்கம்.

மஞ்சூரில் ஸ்வெட்டரோடு கிளம்பினோம். அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். காரமடை வரை நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே அவன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருண்டான். தோளைத் தட்டினேன். "இரண்டாவது கியர் போடு. கிளட்சை விடு. எஞ்சின் பிடிக்கட்டும்" என்றேன். வண்டி முனகிக்கொண்டு மெதுவானது. "கேட்டியா, இந்தச் சத்தம்தான் உன்னைப் பிடிச்சிருக்கு" என்றேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்கக் கூடாது. மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், நின்று விட்டால் அவனுக்கு மறுபடி கிளப்புவது கஷ்டம். கற்பூர மரத்து இலை ஈரத்தில் சோப்பு மாதிரி. கொழுந்து வண்டி போன பாதையில் இலை சிந்திக் கிடந்தால் அதுவும் அப்படித்தான். பனி இறங்கிவிட்டால் பெரிய விளக்கைப் போடாதே, வெள்ளைச் சுவர் மாதிரி கண்ணிலேயே திருப்பி அடிக்கும். கீழ் விளக்கைப் போட்டு, ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டு போ. ஒரு திருப்பத்தில் காட்டுமாடுகள் நின்றன. ஹார்ன் அடிக்கப் போனான், கையைப் பிடித்தேன். தூரத்திலேயே நிறுத்திக் காத்திருந்தோம். கால் மணி நேரம். யானையாக இருந்தால் காத்திருக்கவும் கூடாது, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

இதெல்லாம் எனக்கு ஒரு மெக்கானிக்கும், ஒரு பஸ் டிரைவரும், தேயிலைச் செடியும் சொல்லிக்கொடுத்தவை.

கெத்தைக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் அவனே வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கினோம். மின்வாரியத்தின் பெரிய குழாய்கள் சரிவில் இறங்குவது அங்கிருந்து தெரிந்தது. குளிர் போய்விட்டது, ஸ்வெட்டரைக் கழற்றினேன். "இங்கதான் ஃபாதர் மாமா..." என்றான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விண்ணகத் தந்தையே சொன்னோம். பிறகு அவன் கேட்டான்: "மாமாவுக்கு யாரும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா ஃபாதர்?"

தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அன்றைக்கு மழை, பனிமூட்டம், எதிரில் ஒரு லாரி. எல்லாம் தெரிந்தவர்களையும் மலை எடுத்துக்கொண்டிருக்கிறது.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஏற்றம் என்பதால் வண்டிச் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கடைசி மடிப்பு திரும்பும்போதே கேட்டுருச்சு சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சூடாகத் தேநீர் கொடுத்தார். சுவரில் தம்பியின் படம். வண்டிமேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார், டேங்க் மேல் ஒரு குழந்தை.

போன வாரம் அவருக்கு ஊட்டியில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. காலை பஸ் வரவில்லை. கோவில் வழியாக வந்தார்கள். பையன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அவர் கீழே நின்றுகொண்டு, கையில் வைத்திருந்த புதுத் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"சாமி, பின்னாடி உக்காந்தா எதைப் புடிச்சுக்கணும்?"

"பையனைத்தான்" என்றேன்.